நகராட்சிக்கு “தண்ணீர் முறை” தளம்: டர்ன்காக் கையில் ஆப் கொடுப்பதா வேண்டாமா?

தொட்டிமேடு

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு நடுத்தர நகராட்சியில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்க்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். புதிதாக வந்த ஆணையர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் வரும் என்று ஜனங்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? எங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். சில பகுதிக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை, சில பகுதிக்கு ஆறு, கோடையில் அதற்கும் மேலே போகும்.

என் திட்டம் இதுதான். வால்வு திறக்கிற டர்ன்காக் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஆப், திறந்ததும் ஒரு பட்டன், மூடியதும் ஒரு பட்டன். அது நேராகத் தளத்தில் வரைபடமாகத் தெரியும். நீல நிறமாக இருந்தால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பைத்தான் நன்றாக வரும், முன்பக்கத்தை ஒப்பேற்றிவிடுவேன். கையில் இருப்பது எக்செல்லில் ஒரு தெருப் பட்டியல், வார்டு வரைபடம் ஒன்று பிடிஎஃப்பாக, நீரேற்று நிலையத்தில் கையால் எழுதுகிற லாக் புத்தகம். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் எங்கே மாட்டிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சீரற்றதரவு

பட்டனில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இதே யோசனையை ஏற்கனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள் தம்பி. நெக்ஸ்ட்டிராப் என்று ஒரு நிறுவனம், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது, ஹூப்ளி-தார்வாடில் ஆரம்பித்து அப்புறம் பெங்களூருக்கு வந்தார்கள். ஆப்கூட இல்லை, வால்வுமேன் ஒரு எண்ணுக்குப் போன் செய்து தானியங்கிக் குரலுக்குப் பதில் சொன்னால் போதும், அந்தப் பகுதி வீடுகளுக்குத் தண்ணீர் வரும் முன்பே எஸ்எம்எஸ் போய்விடும். கேட்கவே அருமையாக இருக்கிறது இல்லையா. பெங்களூரில் அது எப்படி ஓடியது என்று ஆய்வாளர்கள் களப்பரிசோதனை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். வீடுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை, ஏழை வீடுகளில் மன உளைச்சல் கொஞ்சம் குறைந்தது என்பதுதான் முடிவு. வால்வுமேன்கள் எல்லோரும் எல்லா நாளும் தகவல் அனுப்பவில்லை. அது சங்கிலியின் முதல் கண்ணி, அங்கே விட்டால் பின்னால் எவ்வளவு நல்ல நிரல் இருந்தும் என்ன பிரயோஜனம்?

யாரையும் குறை சொல்லவில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து பத்திருபது வால்வு திருகுகிற ஆளுக்கு அந்தப் பட்டன் அவர் வேலையில் சேர்த்தியே இல்லை, அழுத்தினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, அழுத்தாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. கொஞ்ச நாள் அழுத்துவார், அவ்வளவுதான். அதனால் என் கேள்வி வேறு. அந்த அலுவலகத்தில் இன்றைக்கு, உங்கள் தளம் இல்லாமலேயே, தண்ணீர் விட்டதைப் பற்றி யார் எதில் எழுதுகிறார்கள்? யாருக்காக எழுதுகிறார்கள்? அதைக் கண்டுபிடியுங்கள், நிரல் அப்புறம்.

ஐஓடி_ஆள்

மனிதரை நம்பினால் இப்படித்தான். வால்வில் நீரோட்டத்தை அளக்கிற ஃப்ளோ சென்சார் வையுங்கள், லோரா என்கிற தொலைதூர ரேடியோ இணைப்பு வழியாகத் தானாகவே தரவு வரும், யாரும் எதையும் அழுத்த வேண்டாம். விலை இப்போது எவ்வளவோ குறைந்துவிட்டது. 2020களில் உட்கார்ந்துகொண்டு யார் நோட்டில் எழுதுகிறார் என்று தேடச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

பழைய_நாற்காலி

நகராட்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவன். சென்சார் தம்பி ஒரு தடவை எந்த ஊர் வால்வுக் குழியாவது திறந்து பார்த்திருக்கிறாரா தெரியவில்லை. பாதிக் குழியில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் நிற்கும், சில குழி மேல் தார் போட்டு மூடியிருப்பார்கள், இரும்பு மூடியே காணாமல் போகிற இடத்தில் பேட்டரிப் பெட்டி எத்தனை நாள் இருக்கும்? வாங்கும்போது திட்டப் பணம் இருக்கும். ரிப்பேர் பண்ணுவதற்குப் பொது நிதியில் தேட வேண்டும், அங்கே தெருவிளக்குக்கே இழுபறி.

இன்னொன்று, தொட்டிமேடு தம்பிக்கு. முறை என்று ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும், நிஜமான முறை ஃபிட்டர் தலையில் இருக்கும். மின்தடை வந்தால் தொட்டி ஏறாது, வரிசை தள்ளும். கோயில் திருவிழா என்றால் அந்தத் தெருவுக்கு முன்னால் விடுவோம். சாவு வீடு என்றால் கேட்கவே வேண்டாம், எந்த ஃபிட்டரும் திறந்துவிடுவான், விடத்தான் வேண்டும். கவுன்சிலர் போன் பண்ணினால் நடக்கிறது தனிக் கதை. நீங்கள் தளத்தில் காலை 6 மணி என்று போட்டுவிட்டால் 6:10க்கு ஃபிட்டருக்கு இருபது போன் வரும். அவன் உங்கள் தளத்துக்கு எதிரியாகிவிடுவான். அவன் எதிரியானால் தளம் முடிந்தது.

குழாயடி

தண்ணீர் பிடிக்கிறவளாகச் சொல்கிறேன். எனக்கு வரைபடமும் வேண்டாம், நீல நிறமும் வேண்டாம். இன்றைக்கு உண்டா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும். இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவேன், லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிடுவேன், மெஷினில் துணி போடமாட்டேன். வரும் என்று சொல்லி வராமல் போவதைவிட இல்லை என்று முன்னாடியே சொல்வது எவ்வளவோ மேல். நிமிடக் கணக்கெல்லாம் ஆண்கள் கேட்பது!

அப்புறம் வரி ரசீதில் யார் போன் எண் கொடுத்திருப்பார்கள்? வீட்டுக்காரர். அவர் அந்நேரம் கடையிலோ பஸ்ஸிலோ இருப்பார். எஸ்எம்எஸ் அவருக்குப் போய் என்ன ஆகப்போகிறது, குடத்தோடு நிற்பது யார்?

சீரற்றதரவு

குழாயடி அக்கா சொன்னதை அப்படியே தேவைக் குறிப்பாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். உண்டு, இல்லை, சந்தேகம் என்று மூன்று நிலை. “காலை / மாலை” வரைக்கும் போகலாம். அதற்கு மேல் துல்லியம் காட்டினால் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம்.

தொட்டிமேடு

எல்லோருக்கும் நன்றி. குடிநீர்ப் பிரிவில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அலுவலகத்தில் ஒரு அம்மா எக்செல்லில் ஒரு பட்டியல் அடிக்கிறார்: எந்த மேல்நிலைத் தொட்டி, எவ்வளவு ஏறியது, நேற்று எந்தப் பகுதிக்கு விட்டார்கள், இன்றைக்கு எந்தப் பகுதி. மேலதிகாரிகளுக்கு தினசரி அறிக்கை போக வேண்டும், அதற்காக. அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அந்த எக்செல் கோப்பை மறுநாள் அதன் மேலேயே திருத்தி எழுதிவிடுகிறார், பழசு எதுவும் இருக்காது. இது நாம் தேடுகிற பதிவேடுதானா?

சீரற்றதரவு

அதேதான்! அதைவிட நல்ல சோர்ஸ் உங்களுக்கு எந்த சென்சாரும் தராது. அந்தப் பட்டியல் ஒரு நாள் வராவிட்டால் மேலிருந்து போன் வரும், ஆகவே அது வரும். அந்த அம்மா ஒரு எழுத்துகூட அதிகமாக அடிக்கக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் சேமிக்கிற கோப்புறையை உங்கள் ஸ்கிரிப்ட் கால் மணிக்கொரு தடவை பார்க்கட்டும், கோப்பு மாறியிருந்தால் அன்றைய தேதியோடு ஒரு நகல் எடுத்து வைக்கட்டும், படிக்கட்டும், பக்கத்தை எழுதட்டும். டேட்டாபேஸ்கூட முதலில் வேண்டாம்.

சென்னைக் குடிநீர் வாரியம் தன் தளத்தில் ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் போடுகிறதே, பார்த்திருப்பீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சாதாரண அட்டவணை, மில்லியன் கன அடியில் கணக்கு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் 2019 கோடையில் சென்னை வறண்டபோது எத்தனை பேர் நிரல் வைத்து அந்த எண்களை உருவியெடுத்து கிராஃப் போட்டார்கள்! செம்பரம்பாக்கம் நிரம்பினால் 3645 மில்லியன் கன அடி என்பது சென்னையில் டீக்கடை வரைக்கும் பேசுகிற எண்ணாகிவிட்டது. அந்தப் பக்கம் ஏன் உயிரோடு இருக்கிறது? ஏரி மட்டத்தைப் பொறியாளர்கள் தினமும் அளந்துதான் ஆக வேண்டும், மதகைத் திறக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களுக்கே அது தேவை. நமக்குக் காட்டுவதற்காக யாரும் தனியாக அளப்பதில்லை.

ஐஓடி_ஆள்

சரி, எக்செல்லிலிருந்து பக்கம் எழுதலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது நேற்றைய அறிக்கை. கோப்பில் “இன்று வடக்குப் பகுதி” என்று இருக்கும், பத்து மணிக்கு மின்சாரம் போய்விட்டால்? தளம் மாலை வரை உண்டு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அது குழாயடி சொன்ன அதே பொய்தானே?

சீரற்றதரவு

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பொத்தான் மட்டும் வைக்கலாம், டர்ன்காக் கையில் இல்லை, ஏ.இ. அலுவலகத்தில். “இன்று முறை தள்ளிப்போகிறது”. மின்தடை என்றால் எப்படியும் அவர்களுக்குத்தான் போன் குவிகிறது, அதை அழுத்தினால் போன் குறையும். அவர்களுக்கே லாபம் இருப்பதால் அழுத்துவார்கள். பக்கத்தின் தலையிலேயே “இந்தத் தகவல் காலை 9:20க்குப் பதிவானது” என்று பெரிய எழுத்தில் வர வேண்டும், ஒரு நாளுக்கு மேல் பழசானால் பட்டியலை மறைத்துவிட்டு “இன்றைய தகவல் வரவில்லை” என்று மட்டும் காட்டுங்கள். பழைய தகவலைப் புதுசு மாதிரிக் காட்டுகிற அரசுத் தளங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

முன்பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே வருகிற தரவு சரியில்லை என்றால் பயனில்லை, அதற்கு ஓர் உதாரணம். 2020இல் டோக்கியோ பெருநகர அரசின் கொரோனா தளத்தை கோட் ஃபார் ஜப்பான் என்ற தன்னார்வ நிரலாளர் அமைப்பினர் செய்து கொடுத்தார்கள், நிரல் முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்து கிடந்தது, தைவானின் அப்போதைய டிஜிட்டல் அமைச்சர் ஆட்ரி டாங்கே உள்ளே வந்து திருத்தம் அனுப்பினார், மற்ற மாகாணத்துக்காரர்கள் நகல் எடுத்துத் தங்கள் ஊருக்குப் போட்டுக்கொண்டார்கள். முன்பக்கம் அவ்வளவு நவீனம். பின்னால் சுகாதார மையங்களிலிருந்து தொற்றுக் கணக்கு ஃபேக்ஸில் வந்துகொண்டிருந்தது, மே மாதம் விடுபட்டதும் இரண்டு தடவை எண்ணியதும் வெளியே வந்து எண்ணிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. பணக்கார ஊர்தான், நிரலாளர்களுக்கும் பஞ்சமில்லை.

தொட்டிமேடு

அடுத்த சிக்கல், தெருப் பெயர். அந்த அம்மாவின் பட்டியலில் “காமராஜர் தெரு 2”, வரிப் பிரிவின் பட்டியலில் “காமராசர் 2வது வீதி”, பழைய கோப்பில் கிறுக்கல் மாதிரி என்னவோ ஆங்கில எழுத்துகள். எல்லாவற்றையும் ஒரு ஃபஸி மேட்சிங் லைப்ரரியில் (இரண்டு பெயர் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுகிற நிரல்) போட்டு 90க்கு மேல் மதிப்பெண் வந்தால் ஒன்றாக்கிவிடலாமா?

சீரற்றதரவு

வேண்டாம்!! “பாரதி நகர் 2வது குறுக்குத் தெரு”, “பாரதி நகர் 3வது குறுக்குத் தெரு” இரண்டையும் அதில் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், மதிப்பெண் 95ஐத் தாண்டும், இரண்டும் வேறு வேறு தெரு, வேறு வேறு வால்வாகவும் இருக்கலாம். அதே சமயம் “காமராஜர் தெரு 2”ம் “காமராசர் 2வது வீதி”யும் ஒரே தெரு, மதிப்பெண் பாதாளத்தில் கிடக்கும். நம் ஊர்த் தெருப் பெயருக்கு அந்த மதிப்பெண் தலைகீழாக வேலை செய்கிறது.

நான் செய்வது இப்படி. முதலில் பெயரிலிருந்து எண்ணைத் தனியே உருவிவிடுவேன், “இரண்டாவது”, “2-வது”, “2ம்”, “இரண்டாம்” எல்லாம் 2. எண் அச்சாகப் பொருந்தினால்தான் மேலே பேச்சு. அடுத்து தெரு, வீதி, சாலை, சந்து, குறுக்கு இவற்றைத் தனி நெடுவரிசையில் வைப்பேன். தெருவும் வீதியும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம், குறுக்குத் தெருவை மட்டும் எதோடும் சேர்க்கக் கூடாது. மிச்சமிருக்கிற பெயரில்தான் ஒப்பீடு. அதிலும் தானாக ஒன்றாக்காமல், சந்தேகமானதை எல்லாம் ஒரு தாளில் அச்சடித்து ஃபிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். டீ சாப்பிடுகிற நேரத்தில் டிக் போட்டுத் தந்துவிடுவார்.

அதற்கும் முன்னால் யூனிகோட் சுத்தம். கொ என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் என்எஃப்சி (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குகிற முறை) கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் ஔவையார் தெருவை “ஒளவையார்” என்று ஒகரமும் ளகரமுமாக அடித்திருப்பார்கள், அதை என்எஃப்சி தொடாது, கையால் விதி எழுத வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் போட்டு வைத்திருப்பதும் உண்டு.

அந்தக் கிறுக்கல் கோப்பு, பழைய எழுத்துரு. திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாமினி என்கிற பழைய எழுத்துருவின் விசைப்படி அடித்த “தமிழ்”. வானவில் என்கிற இன்னொரு பழைய எழுத்துரு என்றால் வேறு மாதிரித் தெரியும். இரண்டுக்கும் மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கும். தமிழக அரசு யூனிகோடுக்கு 2010லேயே ஆணை போட்டாயிற்று, கோப்புகளுக்கு அது தெரியாது.

பழைய_நாற்காலி

ஃபிட்டரிடம் தாள் கொடுக்கச் சொன்னதற்கு ஒரு சபாஷ். கூடவே ஒன்று கேளுங்கள் தம்பி: ஒரே தெருவில் பாதிக்கு ஒரு வால்வு, மீதிப் பாதிக்கு இன்னொரு வால்வு எங்கெல்லாம் இருக்கிறது? எங்கள் ஊரில் மேட்டுப் பக்கம் ஒரு லைன், பள்ளத்துப் பக்கம் இன்னொரு லைன், தெரு ஒன்றுதான். பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே, மேற்கே என்றுதான் ஃபிட்டர் பிரிப்பான். உங்கள் எக்செல்லில் பிள்ளையார் கோயில் இருக்கிறதா?

வரைபடப்பித்து

இதைச் சொல்லத்தான் வந்தேன், தாத்தா முந்திவிட்டார். வார்டு எல்லை வேறு, வால்வு எல்லை வேறு. வார்டு மக்கள்தொகையைப் பார்த்துப் பிரித்தது, அதுவும் அவ்வப்போது மாறும். சென்னையை எடுத்துக்கொண்டால் 2011 விரிவாக்கத்தில் 155 வார்டு 200 ஆனது, பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பழைய எண்ணோடு பழைய தரவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்த வருஷத்து வார்டு என்று குறிக்காத கோப்பைத் தொடவே பயமாக இருக்கும். தண்ணீர் குழாய் போகிற வழியில், மேடு பள்ளம் பார்த்துப் போகும். ஆகவே உங்கள் அடிப்படை அலகு வார்டும் இல்லை, தெருவும் இல்லை, “வால்வுப் பகுதி” என்று ஒன்றை நீங்களே எண் கொடுத்து உருவாக்குங்கள். ஒரு தெரு பல பகுதியில் இருக்கலாம், ஒரு பகுதியில் பல தெரு. நடுவில் ஒரு இணைப்பு அட்டவணை.

வரைபடம் கடைசியில் போடுங்கள், அல்லது போடாதீர்கள். வரைபடக்காரன் நானே சொல்கிறேன்! போட்டே தீருவேன் என்றால், பிடிஎஃப்பை வரைந்து எடுக்கும் முன் டேட்டாமீட் என்ற திறந்த தரவு ஆர்வலர் குழுவினர் கிட்ஹப்பில் சேர்த்து வைத்திருக்கிற நகராட்சி எல்லைக் கோப்புகளில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோஜேசன் என்கிற வரைபடக் கோப்பு வகை முதலில் தீர்க்கரேகை கேட்கும், அப்புறம்தான் அட்சரேகை. சென்னைக்கு 80.27, 13.08 என்று கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் மெரினா போய் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் விழும். இது வராத பயிலரங்கை நான் பார்த்ததே இல்லை.

ஒற்றுமிகும்

எஸ்எம்எஸ் அனுப்பும் யோசனை இன்னும் இருக்கிறதா? இருந்தால் இரண்டு விஷயம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே டிஎல்டி என்கிற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், அங்கே இங்கே மாறும் இடங்களை மட்டும் விட்டுவைக்கலாம். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70தான், அதுவும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. “உங்கள் தெருவுக்கு நாளை காலை 6 மணிக்கு குடிநீர் வரும் - நகராட்சி ஆணையர்” என்று எண்ணிப் பார்த்தேன், இடைவெளி சேர்த்துச் சரியாக 70. ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. “மணிக்குக் குடிநீர்” என்று இலக்கணப்படி ஒற்றுப் போட்டால் 72, அதுவும் இரட்டைக் காசு. என் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

குழாயடி

😂 ஒற்று வேண்டாம், தண்ணீர் வந்தால் போதும். எஸ்எம்எஸ்ஸே வேண்டாம் என்பேன். எங்கள் தெருவில் பெண்கள் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது, ஒருத்தி பார்த்தால் எல்லோருக்கும் போய்விடும். தெருவுக்கு ஒரு சின்ன முகவரி கொடுங்கள், அதைத் திறந்தால் எங்கள் தெரு மட்டும் வரட்டும், ரேஷன் கடைச் சுவரில் அதன் க்யூஆர் ஒட்டுங்கள். உள்ளே போய் மாவட்டம் தேர்வு செய், வார்டு தேர்வு செய், கேப்சா போடு என்றால் நான் வரமாட்டேன்.

கூடவே ஒன்று. போன மாதம் எங்கள் தெருவுக்கு எத்தனை நாள் விட்டார்கள், பக்கத்துத் தெருவுக்கு எத்தனை நாள், அதையும் போடுவீர்களா?

தொட்டிமேடு

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தினசரி நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டேன், அதனால் பகுதிவாரியாகக் கூட்டிக் கணக்கு போடுவது பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் ஒரே வரி வேலை. போட்டுப் பார்த்தேன், பகுதிக்குப் பகுதி வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆணையரிடம் இன்னும் காட்டவில்லை. ஒப்பந்தக்காரன் நான், யோசனையாக இருக்கிறது.

பழைய_நாற்காலி

காட்டாதீர்கள், இப்போது வேண்டாம். வித்தியாசத்துக்குக் காரணம் எப்போதும் கள்ளத்தனம் இல்லை. கடைசிக் கோடியில் இருக்கிற பகுதிக்கு அழுத்தம் பத்தாது, ஒரு முறை விட வேண்டியதை இரண்டு நாளாகப் பிரித்து விடுவோம், உங்கள் கணக்கில் அவர்களுக்கு அதிக நாள் என்று வரும், நிஜத்தில் குறைந்த தண்ணீர். இந்தப் பட்டியல் மன்றக் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கே அந்த அம்மாவிடம் “எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரி அடி” என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் உங்களிடம் இருப்பது கற்பனைக் கதை.

சீரற்றதரவு

அண்ணே சொல்கிற ஆபத்து நிஜம், ஆனால் மூடி வைப்பதற்கு அதுவே காரணமாகிவிடக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே அலுவலகம் தானாக வெளியிட வேண்டியதைப் பற்றித்தான் பேசுகிறது. நாளைக்கு யாராவது மனுப் போட்டால் இதே பட்டியலைத் தாளில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாள் கணக்கோடு மணிக் கணக்கையும் சேருங்கள், நீரேற்று லாக்கில் அது இருக்கிறது. “நாள் என்பது அளவு ஆகாது” என்ற குறிப்பைப் பட்டியலுக்கு மேலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் இல்லை.

குழாயடி

பெரியவர் சொல்கிற காரணம் எல்லாம் எனக்குப் புரிகிறது ஐயா. அதை ஒரு தடவையாவது எங்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? அழுத்தம் பத்தாது என்று சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்ள மாட்டோமா. சொல்லாததால்தான் கவுன்சிலர் வீட்டுத் தெரு என்று பேசுகிறோம். சில சமயம் அது கவுன்சிலர் வீட்டுத் தெருவாகவே இருக்கிறது, அது வேறு.

பழைய_நாற்காலி

அம்மா, பதில் இல்லை என்னிடம். நான் இருந்த காலத்தில் சொன்னதில்லை. ஆனால் இரண்டு மாதமாவது அமைதியாக ஓட விட்டு, அப்புறம் ஆணையரே வெளியிடுகிற மாதிரி செய்யுங்கள் என்பதில் மாற்றமில்லை. முதல் வாரமே சண்டை வந்தால் அந்தத் தளத்தின் பக்கம் ஏ.இ. திரும்பமாட்டார்.

ஐஓடி_ஆள்

என் பங்குக்கு ஒன்று, சென்சார் பற்றி இல்லை. இணைப்பு எண் போட்டுத் தேடும் வசதி வைத்தால் பதிலில் பகுதியும் முறையும் மட்டும் வரட்டும். இணைப்புதாரர் பெயர், கதவு எண், வரி பாக்கி எதுவும் வேண்டாம். எண்கள் வரிசையாக இருக்கும், யாரோ ஒருவர் ஒரு லூப் போட்டு ஊர் முழுப் பெயரையும் எடுத்துவிடுவார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லேயே நிறைவேறியாயிற்று. சொல்லப்போனால் அந்த வசதியே தேவையில்லை, தெருப் பெயர் போதும்.

சீரற்றதரவு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பெயர் இருக்கிற நெடுவரிசைகளை உங்கள் கணினிக்கே கொண்டுவராதீர்கள், இல்லாததைத் திருட முடியாது.

தொட்டிமேடு

ஆப் யோசனையை விட்டுவிட்டேன். இப்போதைக்கு எக்செல்லைப் படிக்கிற ஸ்கிரிப்ட், பகுதி-தெரு இணைப்பு அட்டவணை, தெருவுக்கு ஒரு பக்கம், எல்லாம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். ஏ.இ. அறையில் “தள்ளிப்போகிறது” பொத்தான். ஃபிட்டர் தாளில் டிக் போட உட்கார்ந்தவர் பட்டியலிலேயே இல்லாத சந்துகள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்தார். ஆணையரிடம் மாதக் கணக்கைப் பற்றி வாய்மொழியாகச் சொன்னேன், “பார்ப்போம்” என்றார். எந்தப் பார்ப்போம் என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, நீட்டிப்பார்களா தெரியாது. அதற்குப் பிறகு இது என்ன ஆகும்?

சீரற்றதரவு

இன்றைக்கே செய்ய வேண்டியது: நிரல் களஞ்சியம், டொமைன், சர்வர் கணக்கு எதுவும் உங்கள் ஜிமெயிலில் இருக்கக் கூடாது, நகராட்சியின் அலுவலக மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், கடவுச்சொல்லை மூடிய உறையில் மேனேஜரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் பக்கம் தானாகவே “தகவல் வரவில்லை” என்று காட்ட வேண்டும், அந்தச் சோதனை உலாவியிலேயே நடக்கட்டும், சர்வரை நம்ப வேண்டாம். எக்செல்லின் தலைப்பு வரிசையை அந்த அம்மா மாற்றினால் என்ன ஆகும் என்று இப்போதே மாற்றிப் பாருங்கள், கட்டாயம் ஒரு நாள் மாற்றுவார்.

பழைய_நாற்காலி

உறையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள் தம்பி. மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வரும். அதில் வராத பொருள் எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

தொட்டிமேடு

திங்கட்கிழமை ஏற்றிவிடுகிறேன் சார். வரிசை எண் வந்ததும் இங்கே சொல்கிறேன்.